விடுபட்ட பெயருக்கு அடுத்த வரி

நான்கு வருடங்கள் எங்கள் வீட்டில் வாக்குரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. என் கணவருக்கு இல்லை. அவர் மறியலில் சிறையிருந்தவரல்ல, புத்தி பேதலித்தவரல்ல, வெளிநாட்டுக்காரருமல்ல. அவருக்கு இந்த ஊரில் வாக்கில்லாமல் செய்தவள் நான். முதல் தடவை கோபத்தில் செய்தேன், அடுத்த தடவைகளில் பயத்தில் செய்தேன். அந்தக் கோபம் அவருடைய உயிரைக் காப்பாற்றியது என்று என்னைப் பாராட்டியவர்கள் இருக்கிறார்கள். மீதிக் கதை அவர்களுக்குத் தெரியாது.

வருடத்துக்கு ஒருமுறை கிராம சேவகர் வாக்காளர் பதிவுப் படிவத்தை வீடு வீடாகக் கொண்டுவருவார். குருக்கள்மடத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் இருக்கும் வீடுகளில் பாதிப் படிவங்கள் என் கையால்தான் நிரம்பும். நான் பெரிய படிப்பாளி இல்லை. உயர்தரம் படிக்கும்போது யுத்தம் வந்து, தையல் மெசினோடு நின்றுவிட்டவள். ஆனால் என் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடவே உண்டு.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்த ஆண் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்கு வந்துவிடுவான். அம்மா தன் வளவின் நடுவில் வேலி போட்டு, ஒரு பாதியை எனக்கும் மறுபாதியைத் தங்கச்சிக்கும் எழுதிக் கொடுத்தா. வேலியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தோம். கறிச்சட்டி முதல் கண்ணீர் வரை எல்லாம் அதற்குள்ளால்தான் போய்வரும். தங்கச்சியின் கணவர் வாவியில் வலை வீசுபவர். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும், அதுவும் சிரிப்பாக வரும். என் கணவர் மீனவர் சங்கத்துக்குச் செயலாளர். அவர் நேர்மாறு, பேச ஆள் கிடைத்தால் சோற்றையும் மறந்துவிடுவார்.

ஆண் வீடு மாறினாலும் குடி என்கிற அவனுடைய தாய்வழிக் குலம் மாறாது. தாயின் குடிதான் சாகும்வரை அவனுக்குக் குடி. கோயில் திருவிழாவில் அந்தக் குடிக்குரிய நாளை முன்னின்று நடத்துவதற்கும், குடியில் பிறந்த ஆண்தான் வரவேண்டும். என் கணவருடைய ஊர் கரடியனாறு. அங்கே அவருடைய அக்கா, எனக்கு மச்சாள், தாய்வீட்டில் இருந்தா. குடியில் மிச்சமிருந்த ஒரே ஆண் இவர். வாக்காளர் படிவம் அந்த வீட்டுக்கும் போனபோது மச்சாள் தன் பெயரோடு தம்பியின் பெயரையும் எழுதிவிட்டா. அந்தக் கூரைக்குக் கீழே யார் படுத்தெழும்புகிறார்கள் என்றுதான் படிவம் கேட்டது. மச்சாளோ, யார் எங்கள் ஆள் என்று எழுதியிருந்தா. நானும் வழக்கம்போல இங்கே எழுதியிருந்தேன். ஒரு மனிதர் இரண்டு ஊர் வாக்காளர் இடாப்பில் இருந்தால் விடுவார்களா? எந்த இடம் சரி என்று கேட்டுத் தேர்தல் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தோடு கரடியனாற்றுத் திருவிழாவுக்குப் போனதுதான் பிழை. கோயில் வீதியில், பத்துப் பேர் பார்த்திருக்க, மச்சாள் என்னைப் பிடித்துக்கொண்டா.

"அவன்ட பேர் இஞ்சதான் இருக்கோணும். உன்ட வீட்ட அவன் சோறு தின்ன வந்தவன், அவ்வளவுதான்."

இருபது வருடம் அந்தச் சோற்றைச் சமைத்தவள் நான். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. இவராவது ஒரு வார்த்தை சொல்லுவார் என்று பார்த்தேன். பேச்சுக்காரர் அன்றைக்கு மட்டும் மடைப்பள்ளிப் பக்கம் நழுவிவிட்டார்.

அடுத்த படிவம் வந்தபோதும் என் கோபம் ஆறவில்லை. தங்கச்சியின் படிவத்தை முதலில் எடுத்தேன். அவள் பெயர், அடுத்த வரியில் அவள் கணவர் பெயர், அடையாள அட்டை இலக்கத்தோடு சுத்தமாக எழுதினேன். பிறகு என்னுடையதை எடுத்து என் பெயரை மட்டும் எழுதினேன். இரண்டாவது வரியை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அக்காவின் ஆளாகவே இருந்துகொள்ளட்டும். அவரிடம் சொல்லவில்லை. சில மாதங்களில் எனக்கே மறந்துபோனது.

அதற்கடுத்த வருடம் பிரதேச சபைத் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் நடக்க வேண்டும் என்று ஒரு பக்கம் துப்பாக்கியோடு நின்றது. நடக்கக் கூடாது என்று மற்றப் பக்கம் துவக்கோடு நின்றது. நடக்க வேண்டும் என்றவர்களுக்கு வேட்பாளர் பட்டியலை நிரப்ப ஆள் தேவைப்பட்டது. நாங்கள் அவர்களைப் பட்டியல்காரர் என்போம். மற்றப் பக்கத்தார் பேசுவதில்லை, கடதாசி ஒட்டுவார்கள். பட்டியலுக்குப் பெயர் கொடுக்கிறவர் தன் முடிவைத் தானே தேடிக்கொள்கிறார் என்று சந்தை மதிலில் ஒட்டியிருந்ததை நானே வாசித்தேன். இரண்டு பக்கத்தாரின் பெயரையும் இங்கே எழுதமாட்டேன். எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு மத்தியானம் எங்கள் கடப்படியில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. நான்கு பேர் இறங்கினார்கள். மூத்தவனுக்கு முப்பது வயதிருக்கும். கதிரையில் இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை.

"அண்ணன், எங்கட பட்டியல்ல உங்கட பேர் ஏழாவது. நாளைண்டைக்குக் கச்சேரிக் கந்தோருல குடுக்கோணும். நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள வந்து கையெழுத்து வெச்சிட்டுப் போங்க."

"தம்பி, எனக்கு அரசியல் ஒண்டும் தெரியா."

"எங்களுக்கு மட்டும் தெரியுமா? நாங்க செய்யல்லயா?"

இன்னொருவன் துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு எங்கள் மரத்தில் கொய்யா பிடுங்கினான். கிணற்றடியில் கழுவிக் கடித்துப் பார்த்து, "நல்ல இனிப்புக்கா" என்றான். அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற என் மூத்த மகனின் வயதுதான் இருக்கும். ஓம் என்று தலையாட்டினேன்.

மறுக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்கு முந்தின கிழமை மாட்டேன் என்று சொன்ன ஒரு சைக்கிள் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் கொண்டுவந்து இறக்கியபோது அவரால் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. அவரும் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஓம் என்றால் கடதாசி ஒட்டுகிறவர்கள் சுடுவார்கள், இல்லை என்றால் பட்டியல்காரர் அடிப்பார்கள். என் கணவர் விறாந்தையில் சாய்ந்திருந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டப்படி தகுதியில்லாத ஆளெண்டா இவனுகளாலயும் ஒண்டும் செய்ய ஏலாது," என்றார் கடைசியில். "கச்சேரியில தள்ளிப்போடுவாங்க."

என்னென்ன செய்தால் தகுதி போகும் என்று விரல் மடக்கினோம். அரசாங்க உத்தியோகம் பார்ப்பவர் நிற்க முடியாது, இவருக்கு உத்தியோகம் இல்லை. மறியல் தண்டனை பெற்றவர் நிற்க முடியாது. ஒரு கோழியைக்கூட இவர் களவெடுத்ததில்லை.

"பைத்தியம் எண்டு டொக்டர்ட்ட ஒரு துண்டு எடுப்பமா புள்ள?"

"அதுக்கு நீங்க பெரிசா நடிக்கத் தேவையில்ல," என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் அடங்கவில்லை.

"மறுகா என்ன இருக்கு? அந்தச் சபைக்குரிய வாக்காளர் இடாப்பில பேர் இல்லாதவன் நிக்க ஏலாது. என்ட பேர்தான் இஞ்ச இருக்கே."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அந்த வெறும் வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன். கோயில் வீதி, மச்சாள், சோறு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சந்தோசப்படுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"இருவது வருசமா இருக்கிற வீட்டுல என்னை இல்லாத ஆளாக்கிட்டியா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் சண்டை பிடிக்க நேரமில்லை. நான் விட்ட பெயரைக் கிராம சேவகர் தானாகச் சேர்த்திருக்கவும் கூடும். அவருக்கு இவரை நன்றாகத் தெரியும், மறதியில் விட்டிருப்பேன் என்று நினைத்து எழுதியிருந்தால் எல்லாம் முடிந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கே அவருடைய கந்தோர் வாசலில் போய் நின்றேன். இடாப்பைப் பார்க்க வேண்டும் என்றதும் அவருக்கு விசயம் விளங்கிவிட்டது. கதவைச் சாத்திவிட்டுப் பக்கங்களைப் புரட்டினார். இடாப்பு வீட்டு ஒழுங்கில் இருக்கும். எங்கள் ஒழுங்கை வந்தது. என் பெயர் வந்தது. அதற்கு அடுத்த வரியில் தங்கச்சியின் வீடு தொடங்கியது.

"இல்ல," என்றார் கிராம சேவகர். "அண்டைக்கு நான் இதக் கவனிக்கல்ல. இது குற்றம், தெரியுமா? வீட்டுல இருக்கிற ஆள மறைச்சதுக்கு உங்களுக்கு வழக்கு வரும்."

"வரட்டும் ஐயா," என்று சொல்லிவிட்டு அழுதேன். ஒரு பிழையைக் கண்டு அவ்வளவு சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு பேருமாகப் பஸ் ஏறிப் பட்டியல்காரரின் வீட்டுக்குப் போனோம். அது யாரோ கொழும்புக்குப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன மாடி வீடு. முற்றத்தில் மண்மூடைகள் அடுக்கியிருந்தன. இவரை வெளியே மாமரத்தடியில் நிற்பாட்டிவிட்டு, படிவம் எழுதியவள் நான் என்றதால் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். பொறுப்பாளன் மேசைக்குப் பின்னால் இருந்தான். முந்தின நாள் வந்த மூத்தவன்தான் அவன். அவனிடமும் இடாப்பின் பிரதி இருந்தது. எங்கள் ஒழுங்கையைத் தேடி எடுத்தான், பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இருவது வருசம் இருக்கிற ஆளுக்குப் பேர் இல்லாமப் போகுமா? ஆரு சொல்லித் தந்த வேல இது?"

"ஒருத்தரும் இல்ல தம்பி. போன வருசம் எழுதின கடதாசி."

"அப்ப இவர்ர பேர் எங்க இருக்கு?"

மறைத்தால் பிறகு பிடிபடும். "கரடியனாத்துல," என்றேன்.

அந்த நாளில் கரடியனாறு மற்றப் பக்கத்தாரின் பிடியில் இருந்தது. பொறுப்பாளன் கதவடியில் நின்றவனைப் பார்த்துத் தலையசைத்தான். அவன் மாமரத்தடிக்குப் போய் இவருக்குப் பக்கத்தில் நின்றான். யன்னலால் எனக்கு அது தெரிந்தது. இவர் ஒன்றும் தெரியாமல் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"அங்கத்த ஆளா உங்கட மனுசன்? அவனுகள்தானே இந்த வழியச் சொல்லிக் குடுத்தது?"

என் வாய்க்குள் எச்சில் இல்லை. ஆனால் மச்சாளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு எச்சில் தேவையில்லை. தொடங்கினேன். குடி, திருவிழா, தேர்தல் கந்தோர்க் கடிதம், பத்துப் பேர் முன்னால் அவ சொன்ன சொல், இந்த மனிதர் மடைப்பள்ளிப் பக்கம் நழுவிய விதம், எல்லாம் வந்தது. "சோறு தின்ன வந்தவனாம் தம்பி. சரி, சோறு திண்டுட்டு அங்க போய் வாக்குப் போடட்டும் எண்டு பேர விட்டன். இப்ப வழக்குக்கும் நான்தான் போகோணும்." சொல்லச் சொல்லப் பழைய கோபம் உண்மையாகவே ஏறியது. கை தானாக மேசையில் தட்டியது.

பொறுப்பாளன் சிரித்தான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. "எங்கட அம்மாவும் மாமியும் இப்பிடித்தான்," என்றான். கதவடியில் நின்றவர்களும் சிரித்தார்கள். மாமரத்தடிக்குப் போனவனைக் கைகாட்டித் திருப்பிக் கூப்பிட்டான்.

நானும் சிரித்தேன். எனக்கு உடம்பெல்லாம் இலேசானது. இவர் பிழைத்துவிட்டார் என்பதைத் தவிர எதுவும் என் மண்டையில் இல்லை. அப்போது அவன் இடாப்பை மறுபடி தன் பக்கம் இழுத்து, என் பெயரில் விரலை வைத்து, ஒரு வரி கீழே இறக்கினான். இன்னொரு வரி இறக்கினான். அங்கே விரல் நின்றது.

"இது ஆரு? பக்கத்து வீடா?"

"என்ட தங்கச்சிட புருசன்."

"ஆள் எப்பிடி?"

தெரியாது என்றிருக்கலாம். குடிகாரன் என்றிருக்கலாம், நெஞ்சு வருத்தக்காரன் என்றிருக்கலாம். ஆயிரம் பொய் இருந்தது. எப்போதும் நீளும் என் நாக்கு அந்த இடத்தில் நல்லதைச் சொன்னது.

"ஒருத்தர்ர சோலி சுரட்டுக்கும் போகாத நல்ல மனுசன் தம்பி. ஊருல ஒரு பகையில்ல."

அவரை விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.

"அப்பிடி ஆள்தான் எங்களுக்குத் தேவ," என்று சொல்லி இடாப்பை மூடினான்.

நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போதே அந்த மோட்டார் சைக்கிள்கள் எங்களைக் கடந்து போயின. இவர் வீடு வரும் வரைக்கும் என் கெட்டித்தனத்தைப் புகழ்ந்துகொண்டு வந்தார். வேலி இடைவெளியில் தங்கச்சி நின்றாள். அவள் கணவர் திண்ணைக் குந்தில் இருந்தபடி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அக்கா," என்றார் அவர். என்னோடு அவ்வளவு பேசாதவர். "என்ட பேர் எப்பிடிக்கா அவனுகளுக்குத் தெரியும்?"

"தெரியாதே," என்றேன்.

அதன் பிறகு எதுவும் செய்ய முடியவில்லை. அவரைக் கொழும்புக்கு அனுப்பலாம் என்று என் கணவர் ஓடித் திரிந்தார். அடையாள அட்டையைப் பட்டியல்காரர் வாங்கி வைத்திருந்தார்கள், அதில்லாமல் ஒரு சோதனைச் சாவடியும் தாண்ட முடியாது. தங்கச்சியின் கணவர் பிரசாரத்துக்கும் போகவில்லை, ஒரு கூட்டத்திலும் ஏறவில்லை. வழக்கம்போல வலைக்குத்தான் போனார். வேட்புமனு கொடுத்துப் பதினோராம் நாள் காலை ஒன்பது மணியளவில் வாவிக்கரையில் வலை உலர்த்திக்கொண்டு நின்றார். சைக்கிளில் இரண்டு பேர் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் ஓம் என்று திரும்பியிருக்கிறார். நான் மெசினில் ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு வெடி கேட்டது. யாரென்று எனக்கு யாரும் வந்து சொல்லத் தேவைப்படவில்லை.

தேர்தல் நடந்தது. இவர் வீட்டில் இருந்தார், நான் மட்டும் பாடசாலைக்குப் போய் வரிசையில் நின்றேன். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பு இலக்கம் உண்டு, செத்தவருடைய இலக்கமும் சீட்டில் அச்சாகி இருந்தது. பட்டியல்காரரின் கட்சிக்குப் புள்ளடி போட்டு வாக்களித்தால்தான் அந்த இலக்கத்துக்கும் போடலாம். அவரைச் சாவுக்குப் பிடித்துக் கொடுத்த கட்சி அது. போட்டேன். இலக்கத்துக்கும் போட்டேன். வேறு எதைச் செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த படிவம் வந்தது. கிராம சேவகர் என் வழக்கைப் பற்றிப் பேசவில்லை. படிவத்தைத் தந்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனார். நான் என் பெயரை மட்டும் எழுதி மெசின் மேசையில் வைத்திருந்தேன். இந்த முறை கோபமில்லை. யுத்தம் இருக்கும் வரைக்கும் இவர் எங்கள் ஊர்ப் பட்டியல் எதிலும் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். இவருக்கும் அது தெரியும்.

தங்கச்சி வேலிக்குள்ளால் தன் படிவத்தோடு வந்தாள். நான் அவள் பெயரை எழுதினேன். இரண்டாவது வரிக்கு வந்து பேனை நின்றது. அவள் என் தோளுக்கு மேலால் பக்கத்தில் கிடந்த என் படிவத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுதத்தான் சோம்பல், வாசிப்பாள்.

"அத்தான்ட பேர் இல்லயேகா."

"ஓம்."

"போனமுறையும் எழுதல்லயா? அதாலதான் அவர விட்டவனுகளா?"

"ஓம்."

அவள் தன் படிவத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ட வீட்டுக் கடதாசியையும் நீங்கதானே எழுதின," என்றாள். சத்தம் போடவில்லை. அழவுமில்லை. "என்ட மனுசன்ட பேரையும் ஒருக்கா விட்டிருக்கலாமேகா."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அந்த விரல் வந்து நின்றதையும் நான் நல்ல மனுசன் என்றதையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றைக்கு அவள் இல்லை, எழுதுகிறேன்.

அவள் என் கையிலிருந்த பேனையை வாங்கினாள்.

"எங்ககா கையெழுத்து வெக்கிற?" என்று கேட்டாள்.

நான் அவளுடைய பெயரில் விரலை வைத்து, வெறுமையாகக் கிடந்த வரியைத் தாண்டிக் கீழே இறக்கிக் காட்டினேன்.